படிக்கல் அத்தான் கிரீஸ் போட்ட கதை

என் அக்காவின் கணவருக்குத் தெருவில் ‘படிக்கல்’ என்று பெயர். பெற்றவர்கள் வைத்த பெயர் வேறு. ஆனால் அதைச் சொல்லி விசாரித்தால் அடுத்த வீட்டுக்காரர்கூடக் கொஞ்சம் யோசிப்பார். அத்தான் எடை அளவு இன்ஸ்பெக்டர். கடை கடையாகப் போய்த் தராசைச் சோதித்து, சரியாக இருந்தால் முத்திரை குத்துவதும் சரியில்லை என்றால் சீல் வைப்பதும்தான் அவர் உத்தியோகம். காலையில் ஆரம்பித்து மாலையில் முடித்துக்கொள்ளச் சொல்லித்தான் அரசாங்கம் அந்த வேலையைக் கொடுத்தது. அத்தான்தான் கேட்கவில்லை. வீட்டுக்கு வந்த பிறகும் இன்ஸ்பெக்டராகவே இருந்தார்.

அக்காவுக்குக் குழந்தை பிறந்த அன்று நடந்ததைச் சொன்னால் ஆள் எப்படிப்பட்டவர் என்று விளங்கிவிடும். நர்ஸ் வெளியே வந்து, “பொண்ணு பொறந்திருக்கு, நல்ல எடை” என்று சொல்லிச் சிரித்தார். நாங்கள் சந்தோஷத்தில் ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டோம். அத்தானுக்கும் கண் கலங்கிவிட்டது. கைக்குட்டையால் துடைத்துக்கொண்டே நர்ஸிடம், “ரொம்ப சந்தோஷம் சிஸ்டர். அந்தத் தராசை கடைசியா எப்போ சோதிச்சாங்க?” என்று கேட்டார்.

அக்கா அவரிடம் மாட்டிக்கொண்டதும் ஒரு தராசால்தான். அப்போது அவளுக்கு ஒரு ரொட்டிக் கடையில் பிஸ்கட் நிறுத்துக் கொடுக்கும் வேலை. இவர் சோதனைக்கு வந்தார். தராசு ஒழுங்காக இருந்தது. முத்திரை குத்திவிட்டுப் போனார். அடுத்த வாரம் மறுபடி வந்தார். அதற்கடுத்த வாரமும் வந்து நின்றார். கடை முதலாளிக்கு உதறல் எடுத்துவிட்டது. வேண்டாதவன் எவனோ புகார் கொடுத்துவிட்டான் என்று முடிவு கட்டி, எதற்கும் இருக்கட்டும் என்று புதுத் தராசே வாங்கி வைத்துவிட்டார். கடைசியில் அக்காதான் வாய் திறந்தாள். “சார், தராசுல ஒரு குத்தமும் இல்ல. நீங்க சொல்ல வந்ததைச் சொல்லிட்டுப் போயிடுங்க. எங்க முதலாளிக்கு சோறு இறங்க மாட்டேங்குது.” அத்தான் காது மடல்வரை சிவந்துபோய், ஒரு வழியாகச் சொன்னார். முதலாளி நிம்மதியில் கல்யாணத்துக்கு முதல் ஆளாக வந்து உட்கார்ந்தார்.

அப்பா விட்டுப்போன வீட்டில் கீழே நானும் என் வீட்டுக்காரரும். மேலே அக்காவும் அத்தானும். என் வீட்டுக்காரருக்கு அதே தெருவில் ஹார்டுவேர் கடை. அத்தானுக்கும் இவருக்கும் ஏணி வைத்தாலும் எட்டாது. ஒரு பிடி ஆணி கேட்டால் இவர் ஒன்றரைப் பிடி அள்ளிப் போடுவார். எந்த மெஷின் கெட்டாலும் ஓங்கி ஒரு தட்டுத் தட்டினால் சரியாகிவிடும் என்பது இவர் கட்சி. எங்கள் வீட்டு ரேடியோவின் பக்கவாட்டில் இவர் உள்ளங்கை அளவுக்கு ஒரு பள்ளமே உண்டு. அப்படியும் சகலைகள் இரண்டு பேரும் நகமும் சதையுமாகத்தான் இருந்தார்கள். ‘சகலை, சகலை’ என்று மாடிப்படி தேயத் தேய ஏறி இறங்கிக்கொண்டிருந்தார்கள்.

அதெல்லாம் அந்தத் தராசு வருகிற வரைக்கும்தான்.

எங்கள் தெருவை எப்போதும் வேறொரு இன்ஸ்பெக்டர்தான் பார்ப்பார். அந்த வருஷம் அவருக்கு உடம்பு முடியாமல் போய், அந்தத் தெரு அத்தான் தலையில் விழுந்தது. வேறு யாராவதாக இருந்தால் சொந்தக்காரன் கடையை மட்டும் நைசாகத் தாண்டிப் போயிருப்பார்கள். “சொந்தக்காரன் கடையை விட்டுட்டா அடுத்த கடைக்குள்ள எந்த மூஞ்சிய வச்சுகிட்டு நுழையறது?” என்றார் அத்தான். நுழைந்தார். என் வீட்டுக்காரர் நாற்காலி போட்டு, டீ வரவழைத்து, “பாருங்க சகலை, நல்லாப் பாருங்க” என்று தராசை முன்னால் தள்ளினார்.

பார்த்தால், முள் நடுவில் நிற்கவில்லை. படிக்கல் வைக்கிற தட்டுக்கு அடியில் எப்போதோ சிந்திய பெயின்ட் காய்ந்து கட்டியாக ஒட்டிக்கொண்டிருந்தது. அந்தக் கட்டியின் கனத்துக்கும் சேர்த்து இவர் தினமும் ஆணியை அள்ளிப் போட்டுக்கொண்டிருந்திருக்கிறார். அதாவது, ஜனங்களுக்குக் கூடுதல். நஷ்டம் முழுக்க இவருக்கு.

“இவ்வளவுதானே, சுரண்டி விட்டுடறேன்” என்று இவர் உளியை எடுத்தார்.

“தொடாதீங்க. ரிப்பேர் பண்ணி, மறுபடி சோதிச்சு, முத்திரை வாங்கணும்” என்றார் அத்தான்.

“அட, நான் கூடத்தானே குடுத்திருக்கேன்? குறைஞ்சாத்தானே தப்பு?”

“கூடினாலும் தப்புதான்.”

சொல்லிவிட்டு, வாசலில் வாடிக்கையாளர்கள் நின்று பார்த்துக்கொண்டிருக்க, தராசுக்குச் சீல் வைத்துவிட்டுப் போய்விட்டார். டீயைக்கூடத் தொடவில்லை. சீல் வைத்த தராசைப் பார்க்கிறவர்கள் கூடக் கொடுத்த தராசு என்றா நினைப்பார்கள்? ‘சொந்தச் சகலையே சீல் வச்சிருக்காருன்னா எவ்வளவு அடிச்சிருக்கணும்’ என்று தெருவில் பேச்சு ஓடியது. அள்ளி அள்ளிக் கொடுத்தவருக்குத் திருட்டுப் பட்டம். அன்றைக்கு மூடிய வாயை என் வீட்டுக்காரர் அத்தானிடம் திறக்கவே இல்லை.

சகலைகள் பேசாமல் இருப்பதில் உள்ள கஷ்டம் பெண்டாட்டிகளுக்குத்தான். மாடிப்படியின் உச்சியில் ஒருவர் இருமினால், கீழே இருப்பவர் சுவரைப் பார்த்துக்கொண்டு வழி விட்டு நிற்பார். இரண்டு பேரும் ஒரே இடத்தில் நின்றுகொண்டே, “மேல குழாயை மூடச் சொல்லு” என்பார் இவர் என்னிடம். “மூடியாச்சுன்னு சொல்லிடு” என்பார் அவர், அதுவும் என்னிடமே. நான் எதையும் திருப்பிச் சொல்லத் தேவையே இல்லை. ஆனாலும் இடையில் ஒரு ஆள் நிற்க வேண்டும் அவர்களுக்கு. வருஷக்கணக்கில் நாங்கள் இப்படி நின்றோம்.

அக்காவும் நானும் கீழ் வீட்டு முன்னறையில் கேக் செய்து விற்கிறோம். எங்கள் தொழிலுக்கு முதுகெலும்பு ஒரு மெஷின். மாவு பிசையும், கிரீம் அடிக்கும், முட்டை அடிக்கும். மூடிப்போன ஒரு ஹோட்டலிலிருந்து அக்கா பழையதாக வாங்கி வந்தது. சாம்பல் நிறம், இரண்டு ஆள் சேர்ந்தால்தான் நகர்த்த முடியும். தலையைத் தூக்கினால் பிசைகிற கொக்கி தும்பிக்கை மாதிரி தொங்கும். அதனால் நாங்கள் அதை ‘யானை’ என்றுதான் கூப்பிடுவோம். தினமும் வேலை முடிந்ததும் அக்கா அதை ஈரத் துணியால் துடைத்து முதுகில் ஒரு தட்டுத் தட்டிவிட்டுத்தான் மாடி ஏறுவாள். என்னை இந்த வயசு வரைக்கும் அப்படி ஒரு நாளும் தட்டியதில்லை.

கொஞ்ச நாளாகவே யானைக்குத் தொண்டை சரியில்லை. சளி பிடித்தவர் கொப்பளிக்கிற மாதிரி கரகரவென்று ஒரு சத்தம். நாங்கள் அதைக் கண்டுகொள்ளவில்லை. ஒரு வியாழக்கிழமை காலை, சனிக்கிழமைக் கல்யாணத்துக்கான அடுக்குக் கேக்குக்கு மாதிரி காட்டக் கிரீம் அடித்துக்கொண்டிருந்தோம். வெள்ளைவெளேர் என்ற கிரீமில் கறுப்பாக ஒரு பொட்டு.

அக்கா என் முகத்தைப் பார்த்தாள். “கண்ணுக்கு மை போட்டுகிட்டு வேலை செய்யாதேன்னு எத்தனை தடவை சொல்றது?”

“நான் மையே போடல. நல்லாப் பாரு.”

அவள் என் கண்ணை நல்லாப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே இரண்டாவது பொட்டு விழுந்தது. கிரீமை எடுத்து வைத்துவிட்டு யானையின் தலைக்கு அடியில் வெள்ளைக் காகிதத்தைப் பிடித்தோம். சொட்டு. எண்ணெய். அக்கா அப்படியே ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டாள்.

தெருமுனையில் ஃபிரிட்ஜ் ரிப்பேர் செய்கிறவரைக் கூட்டிவந்தோம். அவர் மெஷினை ஓடவிட்டு, காதை வைத்துக் கேட்டு, உதட்டைப் பிதுக்கினார். “வயசாயிடுச்சும்மா. உள்ள பல்சக்கரம் எல்லாம் போயிருக்கும். பேசாம புதுசு வாங்கிடுங்க.”

ஆபீஸுக்குக் கிளம்பி இறங்கி வந்த அத்தான் இதைக் கேட்டுவிட்டார். வாசற்படியில் ஒரு கால், உள்ளே ஒரு காலாக நின்றார்.

“பிரிச்சுப் பாத்தீங்களா?”

“பாக்கணுமா சார்? சத்தமே சொல்லுதே.”

“பிரிக்காம தீர்ப்பு சொல்லக் கூடாதுங்க.”

ரிப்பேர்காரருக்குச் சுருக்கென்றது. “அப்போ நீங்களே பிரிச்சுப் பாத்துக்கோங்க சார்” என்று பையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்.

அவர் கோபத்தில் சொன்னதை அத்தான் மேலிடத்து உத்தரவாக எடுத்துக்கொண்டார். ஆபீஸுக்குப் போன் போட்டு லீவு கேட்டார். லீவே எடுக்காத மனிதர். போன் வைத்த கொஞ்ச நேரத்தில் ஆபீஸிலிருந்து திருப்பிக் கூப்பிட்டு, யார் தவறிப்போனார்கள் என்று அக்காவிடம் மெதுவாக விசாரித்தார்கள்.

அத்தான் மெஷினைச் சுற்றி ஒரு நடை நடந்தார். குனிந்து அடியில் பார்த்தார். காகிதத்தில் விழுந்த எண்ணெயை விரலில் தொட்டுத் தேய்த்து, மோந்து பார்த்தார். “இது கிரீஸ். பழசாகி எண்ணெயாப் பிரிஞ்சு ஒழுகுது. பழசை வழிச்சு எடுத்துட்டு, கழுவி, புதுசு வைக்கணும். அவ்வளவுதான்னு நினைக்கிறேன்” என்றார். ‘நினைக்கிறேன்’ என்ற சொல்லை அத்தான் வாயிலிருந்து கேட்டதும் நான் அக்காவைப் பார்த்தேன். அவர் அதுவரை எதையும் நினைத்து நான் பார்த்ததில்லை, நிறுத்துத்தான் பார்த்திருக்கிறேன்.

“போய் கிரீஸ் வாங்கிட்டு வாம்மா” என்றார் என்னிடம். “வண்டிக்குப் போடறது வேண்டாம். சாப்பாட்டு மெஷினுக்குன்னு தனியா இருக்கும், வாயில பட்டாலும் ஒண்ணும் செய்யாதது. அதைக் கேளு.”

“எந்தக் கடையில அத்தான்?”

“ஏதாவது ஒரு கடையில.”

எங்கள் தெருவில் கிரீஸ் விற்கிற கடை ஒன்றே ஒன்றுதான். போனேன். என் வீட்டுக்காரர் கல்லாவில் இருந்தார். விஷயத்தைச் சொன்னதும், யார் பிரிக்கப்போவது என்று கேட்கவில்லை. பிஸ்கட் கம்பெனிக்காரர்கள் வாங்குகிற வெள்ளைக் கிரீஸ் டப்பாவை எடுத்து வைத்தார். வைத்துவிட்டு உள்ளே போய், ஒரு சின்ன சுத்தியல், ஆணி மாதிரி நீளமாக, முனை தட்டையாக இருக்கிற ஒரு பஞ்ச், ஒரு பாட்டில் மண்ணெண்ணெய் எல்லாவற்றையும் பையில் போட்டார்.

“இதையெல்லாம் கேக்கலையே.”

“அந்த ஆளுக்குக் கேக்கத் தெரியாது. கொண்டு போ. நான் குடுத்தேன்னு சொல்லாதே.”

வீட்டில் அத்தான் பையைத் திறந்து பார்த்தார். “பஞ்ச் யாரு குடுத்தா?”

“கடையில.”

“எந்தக் கடையில?”

“ஏதாவது ஒரு கடையிலன்னுதானே அத்தான் சொன்னீங்க, அங்கதான்.”

அதன் பிறகு அவர் கேட்கவில்லை.

மேஜைமேல் வெள்ளைத் துணி விரித்தார். படிக்கல்லைத் தொடும்போது போடுகிற பருத்திக் கையுறையைப் போட்டுக்கொண்டார். கரண்டை நிறுத்தி, பிளக்கைப் பிடுங்கி என் கையில் கொடுத்து, “இதை விடாதே. வேலை முடியற வரைக்கும் யாரும் சொருகக் கூடாது” என்றார். நான் பிளக்கைப் பிடித்துக்கொண்டு ஸ்டூலில் உட்கார்ந்தேன். கழற்றிய ஒவ்வொரு திருகாணிக்கும் கப் கேக் சுடுகிற காகிதக் கிண்ணம் ஒன்று. கழற்றிய வரிசையிலேயே அந்தக் கிண்ணங்களை அடுக்கினார். அக்காவுக்கு மனசு ஆறவில்லை. “அதெல்லாம் காசு குடுத்து வாங்கினதுங்க” என்றாள்.

அடுத்து, பிசைகிற கொக்கியைச் சுழற்றுகிற பகுதி. தண்டில் குறுக்காக ஒரு பின் செருகி அதை நிறுத்தியிருந்தது. அந்தப் பின் வெளியே வந்தால்தான் மேலே வேலை. அத்தான் பஞ்சை வைத்தார். சுத்தியலால் தட்டினார். டொக். கொஞ்சம் நிறுத்தி, மறுபடி டொக். அடுத்த வீட்டுக் கதவைத் தட்டி ‘கொஞ்சம் சர்க்கரை கிடைக்குமா’ என்று கேட்கிற மாதிரி இருந்தது. பின் அசையவில்லை. அத்தான் நெற்றியைத் துடைத்துக்கொண்டு மறுபடி டொக் என்றார்.

மதியச் சாப்பாட்டுக்கு வந்த என் வீட்டுக்காரர் தட்டைக் கையில் ஏந்திக்கொண்டே வாசலில் வந்து நின்றார். மூன்று ‘டொக்’ வரைக்கும் பொறுத்தார்.

“அந்த ஆளுகிட்ட சொல்லு” என்றார் என்னிடம். “அது பின்னு. தட்டிக் குடுத்துத் தூங்க வைக்கறதுக்கு குழந்தை இல்ல.”

அத்தான் நிமிரவில்லை. “ஓங்கி அடிச்சா தண்டு வளைஞ்சிடும்னு அவர்கிட்ட சொல்லும்மா.”

“வளைஞ்சா நான் பொறுப்புன்னு சொல்லு.”

“வளைஞ்ச பிறகு பொறுப்பை வச்சு கிரீம் அடிக்க முடியுமான்னு கேளு.”

நான் கையில் பிளக்கோடு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் கழுத்தைத் திருப்பிக்கொண்டிருந்தேன். அக்கா பொறுமை இழந்து, “ரெண்டு பேரும் சண்டையை முடிச்சுட்டு வாங்க, அதுக்குள்ள சனிக்கிழமைப் பொண்ணுக்குக் கல்யாணமாகி வளைகாப்பு கேக்குக்கு ஆர்டர் வந்துடும்” என்றாள்.

என் வீட்டுக்காரர் தட்டை ஜன்னல் மேடையில் வைத்தார். கை கழுவினார். வந்து, அத்தான் கையிலிருந்து சுத்தியலை வாங்கினார். “மெஷின் தலையைக் கெட்டியாப் பிடிக்கச் சொல்லு” என்றார் என்னிடம். அத்தான் பிடித்தார். பஞ்சை வைத்து ஒரே அடி. பின் தெறித்து, தரையில் கிணிங் என்று விழுந்து, அலமாரிக்கு அடியில் உருண்டு போய்விட்டது.

இரண்டு பேரும் அப்படியே தரையில் குப்புறப் படுத்தார்கள். அலமாரிக்கு வெளியே நான்கு கால்கள்தான் தெரிந்தன. உள்ளேயிருந்து பேச்சு வந்தது.

“அதோ, சுவரோரம்.”

“எங்க?”

“உங்க கைகிட்ட. இன்னும் கொஞ்சம். அது இல்ல, அது செத்த பல்லி.”

அக்கா என்னைப் பார்த்தாள். நான் அவளைப் பார்த்தேன். வருஷங்களுக்குப் பிறகு நேருக்கு நேர் பேச்சு, அதுவும் பல்லியைப் பற்றி. அவள் உதட்டில் விரல் வைத்து என்னை அடக்கினாள். தூங்குகிற குழந்தையைத் தாண்டிப் போகிறவர்கள் மாதிரி நாங்கள் மூச்சை அடக்கிக்கொண்டு நின்றோம்.

பல்சக்கரம் இருக்கிற பெட்டி திறந்தது. உள்ளே பார்க்கச் சகிக்கவில்லை. சுவர்களில் கிரீஸ் தார் மாதிரி இறுகிக் கிடந்தது. அடியில் தண்ணீர் மாதிரி பிரிந்து எண்ணெயாகத் தேங்கியிருந்தது. நடுவில் இருந்த பல்சக்கரங்கள், அவ்வளவு கிரீஸுக்கு மத்தியிலும், வறண்டுபோய் ஒன்றையொன்று கடித்துக்கொண்டிருந்தன. அந்தக் கரகரப்பு அங்கேயிருந்துதான் வந்திருக்கிறது. என் வீட்டுக்காரர் கைக்கு எட்டிய கரண்டியை எடுத்துப் பழைய கிரீஸை வழித்தார்.

“ஐயோ, அது என் கிரீம் கரண்டி!” என்று அக்கா அலறினாள்.

“இதுவும் கிரீம்தானே அக்கா” என்றார் இவர், வழித்துக்கொண்டே.

கழுவுகிற வேலையை அத்தான் எடுத்துக்கொண்டார். மண்ணெண்ணெயில் பழைய பல் பிரஷைத் தோய்த்து ஒவ்வொரு பல்லாகத் தேய்த்தார். என் வீட்டுக்காரர் வெளிச்சத்துக்கு டார்ச் பிடித்தார். சக்கரத்தைத் துடைத்து, காயவைத்து, ஜன்னல் பக்கம் தூக்கிப் பிடித்து இரண்டு பேரும் தலையைச் சேர்த்துப் பார்த்தார்கள். ஒரு பல் கூட உடையவில்லை. ஓரத்தில் கொஞ்சம் தேய்மானம், அவ்வளவுதான். “வாய் நிறைய பல்லை வச்சிருக்கு. இதைப் போய் பொக்கைன்னு சொன்னாரே” என்று அத்தான் ரிப்பேர்காரரை நினைத்துச் சொன்னார். அவர் மட்டில் அது பெரிய நகைச்சுவை. என் வீட்டுக்காரர் சிரித்துவிட்டு, சிரித்ததை மறைக்க இருமினார்.

எல்லாம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. புதுக் கிரீஸ் எவ்வளவு வைப்பது என்பதில்தான் வினை வந்தது. அத்தான் மேலே போய்த் தன் சின்னத் தராசைக் கொண்டுவந்தார். வழித்தெடுத்த பழைய கிரீஸைக் காகிதத்தோடு தட்டில் வைத்து நிறுக்க ஆரம்பித்தார்.

“என்ன பண்றீங்க?” என்றார் இவர்.

“பழசு எவ்வளவு இருந்துச்சோ, அதே எடைக்குப் புதுசு.”

“சரி. அப்போ ஒழுகிப்போனது? கிரீமுக்குள்ள விழுந்தது? துணியில துடைச்சது? அதுக்கெல்லாம் எந்தப் படிக்கல்லை வைப்பீங்க?”

அத்தான் கை படிக்கல்லோடு அந்தரத்தில் நின்றது. அவர் வாழ்க்கையில் அந்தக் கேள்வியை எந்தக் கடைக்காரனும் அவரிடம் கேட்டதில்லை. அவர் யோசிப்பதற்குள் என் வீட்டுக்காரர் டப்பாவுக்குள் கையைவிட்டு ஒரு வாரு வாரினார். “இவ்வளவு வைங்க, போதும்.”

“அது கூடுதல்.”

“கூட இருந்தா என்ன? குறைஞ்சாத்தானே தப்பு?”

“கூடினாலும் தப்புதான்” என்றார் அத்தான், பழக்கதோஷத்தில்.

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவருக்கே உறைத்தது. என் வீட்டுக்காரர் கையில் கிரீஸை ஏந்திக்கொண்டு நின்றார். முகம் மாறிவிட்டது.

“அன்னைக்கும் இதேதான் சொன்னீங்க. தெருவே நின்னு வேடிக்கை பாத்துச்சு. நான் திருடன்னு பேசிக்கிட்டாங்க. சீல் வச்சீங்க, சரி. ஒரு வாய் டீ குடிச்சிருந்தா கூட, இவன் திருடன் இல்லன்னு நாலு பேருக்குத் தெரிஞ்சிருக்கும்.”

“முள்ளு சரியில்ல, வச்சேன். இன்னைக்கு வந்தாலும் வைப்பேன்” என்றார் அத்தான். ஆனால் குரலில் இன்ஸ்பெக்டர் இல்லை. கையுறையைக் கழற்றி மடித்துக்கொண்டிருந்தார்.

அக்கா குறுக்கே வந்தாள். “இவர் சொல்ல மாட்டார். நானும் சொல்லக் கூடாதுன்னு வாயைக் கட்டிப் போட்டுட்டார். தம்பி, அதுக்கு மறுநாள் சாயங்காலம் இவர் என்ன பண்ணார் தெரியுமா? இந்தத் தெருவுல ஒரு கடை பாக்கியில்லாம ஏறி இறங்கினார். சோதனைக்கு இல்ல. ஒவ்வொரு கடையிலயும் ஒரு சோப்பு வாங்கிகிட்டு, ‘ஹார்டுவேர் கடைத் தராசு வாங்கறவங்களுக்குத்தான் கூடக் குடுத்துச்சு, நஷ்டம் அவருக்குத்தான்’னு சொல்லிட்டு வந்தார். பை நிறைய சோப்பு. அந்தச் சோப்பைப் போட்டுத்தான் நாங்க ரொம்ப நாள் குளிச்சோம்.”

என் வீட்டுக்காரர் அக்காவையும் அத்தானையும் மாறி மாறிப் பார்த்தார். எனக்கு அப்போதுதான் ஒன்று நினைவுக்கு வந்தது. சீல் வைத்த பிறகு கடை படுத்துவிடும் என்று பயந்தோம். ரிப்பேராகித் தராசு திரும்பி வந்ததும் பார்த்தால் முன்னைவிடக் கூட்டம். தன்னுடைய சிரித்த முகத்துக்காகத்தான் ஜனங்கள் வருகிறார்கள் என்று இவர் அன்றுவரை நம்பிக்கொண்டிருந்தார். என்னிடம் கண்ணாடி முன்னால் நின்று சொல்லியும் இருக்கிறார். கூடக் கொடுக்கிற தராசு என்று ஒரு இன்ஸ்பெக்டரே சொன்னால் கூட்டம் வராமல் என்ன செய்யும்?

“ஊருக்கெல்லாம் சொன்னீங்க” என்றார் இவர் கடைசியில். “என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?”

“சொல்லத்தான் வந்தேன். நீங்க கதவைச் சாத்திட்டீங்க.”

“தட்ட வேண்டியதுதானே?”

“தட்டினேன்.”

என் வீட்டுக்காரர் மேஜைமேல் கிடந்த சுத்தியலைப் பார்த்தார். பிறகு அத்தானைப் பார்த்தார். “நீங்க தட்டற லட்சணத்தைத்தான் இப்போ பாத்தேனே. எங்கேருந்து காதுல விழும்?”

அக்காதான் முதலில் சிரித்தாள். முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அப்புறம் நான். அத்தான் சிரிக்கவில்லை. ஆனால் காது மடல் சிவந்தது. மெதுவாக, இவர் கையிலிருந்த கிரீஸைக் காட்டி, “பாதியை எடுத்துடுங்க சகலை” என்றார்.

‘சகலை’ என்ற வார்த்தையைக் கேட்டதும் இவர் கண்ணைத் தோளில் துடைத்துக்கொண்டார். அதை ஒத்துக்கொள்ளாமல் மண்ணெண்ணெய் நெடி என்றார். கையிலிருந்ததில் பாதியை டப்பாவில் போட்டார். அத்தான் அந்தப் பக்கம் திரும்பியதும் அதில் கொஞ்சத்தை மறுபடி எடுத்துக்கொண்டதை நான் பார்த்தேன். பிளக்கைப் பிடித்துக்கொண்டிருந்த நான் எதையும் பார்க்காதவளாக இருந்துவிட்டேன்.

சக்கரங்களின் பல்லிடுக்கெல்லாம் கிரீஸைத் தடவி, உட்கார வைத்து, மூடினார்கள். காகிதக் கிண்ணங்களிலிருந்து திருகாணிகளை எடுத்து, வரிசை பிசகாமல் அத்தான் கொடுக்க, இவர் முறுக்கினார். பின்னை உள்ளே அடிக்கும்போது அத்தானே சுத்தியலை வாங்கி ஓங்கி ஒரு போடு போட்டார். பஞ்சில் பட்டது. விரலில் படவில்லை. அந்த மட்டுக்கும் கடவுள் புண்ணியம். என் கையிலிருந்து பிளக்கை விடுவித்தார்கள்.

முதலில் மைதாவும் தண்ணீரும் போட்டு ஓட்டினோம், அந்த மாவைக் கொட்டிவிடுவது என்று. யானை சத்தமே இல்லாமல் சுற்றியது. ஓடுகிறதா என்று அக்கா முதுகில் கை வைத்துப் பார்த்தாள். கரகரப்பு போன இடம் தெரியவில்லை. எல்லோரும் வாயெல்லாம் பல்லாக நிற்கும்போது, தண்டைச் சுற்றி வெள்ளையாக ஒரு உருண்டை கிரீஸ் மெல்லப் பிதுங்கி வந்தது. கூடுதல் வைத்ததன் பலன்.

அத்தான் அதைப் பார்த்தார். அத்தான் பார்த்ததை இவரும் பார்த்தார். சுவரோரம் ஒதுங்கி நின்றார், தராசை முன்னால் தள்ளிய அன்றைக்கு மாதிரி இல்லை, மாட்டிக்கொண்ட கடைக்காரன் மாதிரி. அத்தான் மெஷினை நிறுத்தினார். துணியை எடுத்தார். ஒரு சுற்றுத் துடைத்தார்.

“புதுக் கிரீஸுன்னா முதல்ல கொஞ்சம் தள்ளத்தான் செய்யும்” என்றார்.

அக்கா என் காதில் கேட்டாள்: “என்னடி இது, இவருக்கு உடம்புக்கு ஏதாவதா?”

இன்னும் இரண்டு தடவை ஓட்டி, துடைத்து, வெள்ளைக் காகிதம் வைத்து, ஒரு சொட்டும் விழவில்லை என்று ஆன பிறகுதான் அத்தான் மெஷினை எங்களிடம் ஒப்படைத்தார். மறுநாள் அடித்த கிரீமில் ஒரு தூசு கிடையாது. சனிக்கிழமை கேக் போய்ச் சேர்ந்தது. மாப்பிள்ளை வீட்டார் இன்னொரு ஆர்டரும் கொடுத்தார்கள்.

இதெல்லாம் நல்லதுதான். ஆனால் சகலைகள் பேச ஆரம்பித்த பிறகு வீட்டில் நிம்மதி போய்விட்டது. பாக்கி வைத்த பேச்சையெல்லாம் வட்டியோடு பேசித் தீர்க்கிறார்கள். போதாக்குறைக்கு, திறந்து பார்க்கிற ருசி வேறு கண்டுவிட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை வந்தால் அத்தான் கையுறையோடு இறங்கி வருவார், இவர் சுத்தியலோடு தயாராக நிற்பார். வீட்டு மின்விசிறி, அக்காவின் தையல் மெஷின், எதிர் வீட்டுச் சைக்கிள், ஒன்றையும் விட்டுவைக்கவில்லை. எதிலும் ஒரு திருகாணி மிச்சமானதில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். போன வாரம் அந்த ஃபிரிட்ஜ் ரிப்பேர்காரரே வந்து வாசலில் நின்று, “சார் இருக்காரா? ஒரு மெஷின்ல பின்னு வர மாட்டேங்குது” என்று தயங்கித் தயங்கிக் கேட்டார். சாப்பிட உட்கார்ந்த இரண்டு பேரும் எழுந்து ஓடினார்கள்.

அக்கா தலையில் கை வைத்துக்கொண்டாள். “அந்தக் கிரீஸ் டப்பா தீர்ற வரைக்கும் இவங்க அடங்க மாட்டாங்க போலிருக்கே.”

“கடையே இவரோடது” என்றேன் நான். “எங்கேருந்துக்கா தீரும்?”